அவளைக் கூப்பிட்டது நான்தான்

பிரதேச செயலகக் கந்தோரில் குடும்பப் பிணக்குகளை விசாரிக்கிற வேலை எனக்கு. ஒரு காலை, வாவியில் மீன் பிடிக்கிற ஒருவர் வந்து சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினார். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் இழுத்த காயங்கள். ஒன்றில் சீழ் வடிந்தது.

"பொண்டாட்டி செஞ்சது, மிஸ். தங்க ஒரு இடம் தருவீங்களா?"

எங்களிடம் பெண்களுக்குத்தான் காப்பகம் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கவுமில்லை. "சீதன வீடு அவடது. நீங்கதான் அனுசரிச்சுப் போகணும்" என்று சொல்லி, சமாதானம் பேச அவளையே போனில் கூப்பிட்டேன். வந்து, பணிவாகப் பேசி அவரைக் கூட்டிப்போனாள்.

மூன்றாம் நாள் அவரை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். கொதித்த எண்ணெயில் பாதி முகம் வெந்து உரிந்திருந்தது.

"கந்தோருக்கா போன எண்டு கேட்டுக் கேட்டு ஊத்தினா."

நான் போனை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"அவக்கு எடுக்காதீங்க, மிஸ்!"

பொலிசின் நம்பரை அவர் பார்க்க ஒவ்வொரு இலக்கமாக அழுத்தினேன்.