கட்டிலுக்கு மேலே புறாக்கூடு

தூத்துக்குடிப் புதுத் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த சமயம். நான் அப்போது பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா சங்கு குளிக்கப் போனவர். ஒருநாள் கடலடியிலிருந்து மேலே வந்ததும் வள்ளத்திலேயே சரிந்துவிட்டார். அதோடு வலது கையும் காலும் விளங்கவில்லை. அம்மா முன்பே இறந்துவிட்டதால், அக்கா உப்பளத்துக்குப் போய்த்தான் எங்களுக்குச் சோறு போட்டாள்.

எங்கள் பக்கத்தில் வாதம் வந்தவர்கள் வீட்டில் புறா வளர்ப்பார்கள். புறாவின் சிறகுக் காற்று பட்டால் மரத்துப்போன நரம்பு உயிர்பெறும் என்று நம்பிக்கை. தெருமுனைக் கடை அண்ணாச்சி இரக்கப்பட்டு ஒரு சோடிப் புறா கொண்டுவந்து தந்தார். காலித் தேயிலைப் பெட்டியில் ஓட்டை போட்டு, அப்பாவின் கட்டிலுக்கு நேர் மேலே உத்தரத்தில் கட்டினோம். சோடி பெருகியது, பெட்டிகளும் பெருகின. சில மாதங்களில் அப்பாவின் விரல்கள் லேசாக மடங்கத் தொடங்கின. "பாத்தியாலே, காத்து வேலை செய்யுது" என்று வருகிறவர்களிடமெல்லாம் வலது கையை இடது கையால் தூக்கிக் காட்டுவார்.

காலையில் வேலைக்குப் போகுமுன் அக்காதான் பெட்டிகளைச் சுரண்டி, கட்டிலைத் தட்டி, தரையைப் பெருக்குவாள். காய்ந்த எச்சம் வெள்ளைப் பொடியாகப் பறக்கும். அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அப்பாவுக்கு வைத்தியம், எனக்குப் பவுடர்" என்று சிரிப்பாள்.

அந்த வருடம் அவளுக்குத் தலைவலி வந்தது. உப்பளத்தில் வெயில் நேரத்து வெள்ளை வெளிச்சம் கண்ணைப் பறிக்கும்; அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் தலைவலி உண்டு. அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தைலம் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போனாள். பிறகு வாந்தி. ஒருநாள் என்னைப் பார்த்து, "ஒருத்தனுக்கே சோறாக்கி முடியல, ரெண்டு பேரா நிக்கியேலே" என்றாள். விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் கண் ஒன்று உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. நடக்கும்போது சுவரைப் பிடித்தாள்.

அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டு, "இது வாதம்தாம்லே. அப்பனுக்கு வந்தது மவளுக்கும் வந்துட்டு" என்றார்.

அப்பா இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்து எழப் பார்த்தார். பிறகு, "என்னையத் தூக்கிக் கீழ போடுங்க. காத்து எம்புள்ளைக்குக் கெடைக்கட்டும்" என்றார். அக்கா வேண்டாம் என்று அழுதாள். அவர் கேட்கவில்லை. நானும் அண்ணாச்சியும் அவரைத் தூக்கிப் பாயில் கிடத்தினோம். அக்காவைக் கட்டிலில், புறாக்களுக்கு நேர் கீழே படுக்க வைத்தோம். அவள் முகத்தில் சிறகுக் காற்று படுகிறதா என்று அப்பா பாயில் கிடந்தபடியே கேட்டுக்கொண்டிருப்பார்.

அவளுக்கு வலிப்பு வந்து நினைவு தப்பிய பிறகுதான் வேன் பிடித்துத் திருநெல்வேலிப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். ஒரு டாக்டரம்மா அதில் ஒரு சொட்டுடன் கறுப்பு மையைக் கலந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். நான் சயன்ஸ் படிக்கிறவன் என்று தெரிந்ததும் என்னையும் பார்க்கச் சொன்னார். கறுப்புக்கு நடுவே உருண்டை உருண்டையாக, ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வெளிச்ச வளையம். தவளை முட்டைகள் மாதிரி இருந்தன.

அதற்குள் அக்காவுக்கு லேசாக நினைவு திரும்பியிருந்தது. அவள் கட்டிலருகே நின்றுதான் அவர் எனக்கு விளக்கினார். "ரொட்டிக் கடையில மாவு பொங்கப் போடுவாங்களே ஈஸ்ட், இது அந்தச் சாதிதான். ஆனா மூச்சு வழியா நெஞ்சுக்குள்ள போயி மூளை வரைக்கும் ஏறிடும். மனுசனுக்கும் வரும், மாட்டுக்கும் பூனைக்கும் வரும். காஞ்ச புறா எச்சத்துல நல்லா வளரும். புறாவுக்கு மட்டும் பெரும்பாலும் ஒண்ணும் செய்யாது. உங்க வீட்டுல புறா இருக்கா?"

"இருக்கு."

"எங்க?"

"அவ கட்டிலுக்கு மேல."

அவர் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார். "அங்கிருந்துதான் வந்ததுன்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது தம்பி. எத்தனையோ பேரு சுவாசிக்கிறாங்க, ஒண்ணும் ஆகறதில்ல. ஆனா இவங்க திரும்பி வரும்போது அது அங்க இருக்கக் கூடாது" என்றார். அக்கா கண்ணை மூடிக் கிடந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

மருந்து மெட்ராஸிலிருந்து வரவேண்டியிருந்தது. அதைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும்போதெல்லாம் கட்டில் ஆடும்படி அவளுக்கு நடுக்கம் வரும். நான் காலைப் பிடித்துக்கொள்வேன். பல வாரங்கள் இப்படியே போயின. உயிர் தங்கியது. பார்வை போய்விட்டது.

அப்பாவை அத்தனை நாளும் பக்கத்து வீட்டார்தான் பார்த்துக்கொண்டார்கள். இடையில் ஒருநாள் வீட்டுக்குப் போய், புறாக்களைக் கொடுத்துவிடலாமா என்று அப்பாவிடம் மெல்லக் கேட்டேன். "என்னத்துக்குலே? நாளைக்கு அவ வந்து படுக்காண்டாமா? கட்டிலு அவளுக்குத்தான். நான் பாயிலயே கெடக்கேன்" என்றார். காரணத்தைச் சொன்னால் அந்த மனிதர் அதற்குப் பிறகு எப்படி உயிரோடு இருப்பார்? சொல்லாவிட்டால் அக்காவை எங்கே கொண்டுபோய்ப் படுக்க வைப்பேன்? இந்தக் கேள்வியோடுதான் அக்காவை பஸ்ஸில் அழைத்து வந்தேன்.

வீட்டு வாசலில் என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நின்றுவிட்டாள். உள்ளே புறாக்கள் குனுகிக்கொண்டிருந்தன.

"அப்பா," என்று வெளியிலிருந்தே கூப்பிட்டாள். "இந்தச் சத்தம் எனக்கு மண்டைக்குள்ள ஊசி குத்துத மாரி இருக்கு. எடுக்கச் சொல்லுங்க, அப்பந்தான் உள்ள வருவேன்."

"ஏளா, அதுலதான ஒனக்குச் சொகமாவும்?"

"எனக்குத்தான் சொகமாயிட்டே. நடந்து வந்திருக்கேன் பாருங்க."

உள்ளே பாய் சரசரத்தது. பிறகு, "எடுத்துருலே" என்று அப்பாவின் குரல் வந்தது.

அக்காவை அண்ணாச்சி கடையில் உட்கார வைக்கப் போனபோது அவள் என் கையை இறுக்கினாள். "டாக்டரம்மா சொன்னது எனக்குக் கேட்டுட்டு. அப்பா காதுக்குப் போவக் கூடாது" என்றாள். அப்பாவைப் பக்கத்து வீட்டில் கிடத்தினேன். கயத்தாற்றில் அண்ணாச்சிக்குத் தெரிந்த ஒருவர் திறந்தவெளியில் புறா வளர்க்கிறார். பறவைகளை அங்கே அனுப்பினோம். மூக்கில் துணி கட்டி, எச்சத்தைத் தண்ணீர் தெளித்து வாரிக் குழியில் புதைத்தேன். அன்று சாயங்காலம் அப்பா தன் இடது கையால் அக்காவின் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார்.

இன்றைக்கும் பார்க்க வருகிறவர்களிடம் அவர் சொல்லுவார்: "புறாக் காத்துலதான் எம்மவ உயிர் பொழச்சா. நான் கொஞ்சம் முந்தியே எடத்த மாத்திக் குடுத்திருந்தா கண்ணும் தங்கியிருக்கும்." அக்கா, "ஆமாப்பா" என்பாள். அவர் விரல்கள் இப்போது மடங்குவதில்லை.

இதைப் பத்திரிகைக்கு அனுப்புமுன் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அனுப்பு. யார் பேரையும் போடாத. அப்பா முழிச்சிருக்கும்போது மட்டும் சத்தமா வாசிக்காதலே" என்றாள். வீட்டில் எழுத்துத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இவ்வளவு படித்தும் இந்த ஒன்றை மட்டும் என் வீட்டில் அப்பா காதில் விழும்படி சொல்ல முடியாது என்பதை ஒவ்வொரு நாளும் அப்பாவுக்குச் சோறு ஊட்டும்போது நினைத்துக்கொள்கிறேன்.