மூன்றாவது படுக்கை

தேசப்பன் அண்ணன் இறந்துவிட்டார். வியாழக்கிழமை காலை, டீ குடித்துவிட்டு எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தாராம். அவ்வளவுதான்...

இங்கே பலருக்கு அவரைத் தெரியாது. ஆனால் சில மாதங்களாக நான் போட்டுவந்த வேன் படங்களைப் பார்த்தவர்கள், அவர் வேலையைப் பார்த்திருக்கிறீர்கள்.

பழைய பள்ளி வேன் ஒன்றை வாங்கி, படுக்கை, அடுப்பு, தண்ணீர் டேங்க் எல்லாம் வைத்து வீடாக மாற்றிக்கொண்டிருந்தோம். அடுத்த மாதம் நானும் என் கணவர் சேகரும் கிளம்புவதாகத் திட்டம். எண்ணூர் தாண்டி வடக்கே, கடலை ஒட்டியே வங்காளம் வரை. போகவர நாற்பத்தைந்து நாள்.

அண்ணன் முப்பது வருஷம் மீன்பிடி லாஞ்சில் கடலுக்குப் போனவர். பிறகு திருவொற்றியூரில் ஷெட் போட்டு, படகுகளுக்கு மரவேலையும் ஃபைபர் வேலையும் செய்தார். வேன் வேலை அவருக்கு இதுதான் முதல். எனக்கு நம்பிக்கை இல்லை. அதை மறைக்கவும் இல்லை.

முதல் நாள், எடுத்துப் போகும் சாமான்களின் எக்ஸெல் பட்டியலைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரை பொறுமையாகப் படித்தார்.

"இன்னா டீச்சர், வூட்ட காலி பண்ணிகினு போறீங்களா?"

கல்லூரியில் பாடம் எடுத்தாலும் அவருக்கு நான் டீச்சர்தான். எத்தனை நாள் தங்கல் என்று கேட்டார். பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிப்பதற்கு அவர்கள் சொல்லும் பெயர் அது. நாற்பத்தைந்து என்றதும் பட்டியலில் பாதியை அடித்துவிட்டு, ஊசிநூலும், இறுக்கமான மூடி போட்ட பாட்டிலில் தீப்பெட்டியும் சேர்த்தார். இரண்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

ஒருமுறை துண்டு மாட்டும் கொக்கியை இடம் மாற்றச் சொன்னேன். கொக்கியைக் கழற்றியவர் முதல் காரியமாகப் பழைய ஓட்டையை ரெசின் வைத்து அடைத்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது. இது வேன்தானே, உள்பக்கச் சுவர்தானே, தண்ணீர் எங்கிருந்து வரப்போகிறது என்று கேட்டேன். ஓட்டையைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்க அவருக்கு வராதாம்.

சேகர் சிரித்தார். நான் வாட்சைப் பார்த்தேன்.

இரண்டு படுக்கை போதும் என்று தெளிவாகச் சொல்லியிருந்தேன். ஒரு நாள் போய்ப் பார்த்தால் பின்கதவுப் பக்கம் குறுக்கே மூன்றாவதாக ஒன்று. யாருக்கு என்று கேட்டேன்.

"ரெண்டு பேரா தங்கல் போனா பத்தாவது நாளு பேச்சு நின்னுடும் டீச்சர். மூணாவதா ஒர்த்தன் வோணும். அவன்கிட்டயாவது ரெண்டு பேரும் பேசுவீங்கல்ல?"

ஜோக் என்றுதான் நினைத்தேன். கடல்காரர்களின் பழக்கம் போல என்றும் நினைத்தேன். இப்போது தெரியவில்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. ஆந்திராவில் ஒரு கலங்கரை விளக்கம். புயலில் அவர்கள் லாஞ்ச் அதன் எதிரே இரண்டு நாள் நங்கூரம் போட்டு நின்றதாம். தண்ணீரிலிருந்துதான் பார்த்திருக்கிறார், அதன் வாசல் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாதாம். ரோடு அந்த வழியாகப் போகுமா என்று கேட்டார். போகும், வந்து காட்டுங்களேன் என்றேன்.

அப்படிச் சொன்னேனா? சொன்னேன். ஒரு பேச்சுக்குச் சொல்வோமே, அப்படி. அவர் உப்புத்தாளை எடுத்துப் பலகையைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை, மூன்றாவது படுக்கையை எடுத்துவிட்டு அங்கே சாமான் ரேக் வைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். சரி டீச்சர் என்றார். முகத்தைப் பார்க்கவில்லை, போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை எல்லாம் முடிந்த பிறகு அவர் மனைவி கஸ்தூரி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவரு பைய இன்னா பண்றது டீச்சர்? உங்க வண்டில வச்சிடவா?"

எனக்குப் புரியவில்லை. உள்ளே கூட்டிப் போய்க் காட்டினார். கட்டிலுக்குக் கீழே ஒரு நீலப் பை. இரண்டு சட்டை, இரண்டு லுங்கி, ஷேவிங் செட். ரப்பர் பேண்ட் போட்ட பிபி மாத்திரை அட்டைகள். ஒன்றரை மாதத்துக்கு வாங்கிக்கொண்டு வந்தாராம்.

எப்போது எடுத்து வைத்தார் என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னாலா, பின்னாலா என்று மட்டும் தெரிந்தால் போதும் எனக்கு. அக்காவுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நாலு நாள் இருக்கும் என்றார், ஒரு வாரம்கூட இருக்கும் என்றார். அவரிடம் திரும்பத் திரும்ப அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்... அன்றைக்குப் போய்.

வண்டியிலேயே வைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

இந்தப் பதிவில் போட ஒரு படம் தேடினேன். வேன் படங்கள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. ஒன்றே ஒன்றில் அவருடைய கை மட்டும்.

நேற்று ஷெட்டுக்குப் போனேன். ரேக் வைத்திருக்கிறார். புது மரத்தில், நான் சொன்ன அளவிலேயே, வார்னிஷ்கூட அடித்து. படுக்கைப் பலகையை அறுக்கவில்லை. தார்ப்பாயில் சுற்றிக் கயிறு கட்டி ஓரமாக நிறுத்தியிருக்கிறார்.

படுக்கையைத் தாங்கிய நான்கு போல்ட்டுகளின் ஓட்டைகள் சுவரில் அப்படியே இருக்கின்றன. அடைக்கவில்லை. ரெசின் டப்பா அங்கேயேதான் இருந்தது, பாதிக்கு மேல்.

நேரம் இல்லாமல் போயிருக்கலாம். ரேக்குக்கு வார்னிஷ் அடிக்க நேரம் இருந்திருக்கிறதே...

கிளம்புகிறோமா என்று சேகர் கேட்கிறார். மிச்ச வேலையை முடித்துத் தருவதாகப் பக்கத்து ஷெட்காரர் வந்தார். மற்றதெல்லாம் செய்யுங்கள், அந்த நான்கு ஓட்டைகளை மட்டும் தொடாதீர்கள் என்றேன்.

பை வண்டியில் இருக்கிறது அண்ணே.