கையில் பிடித்த பிளக்

பட்டாபிராமில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். ஒரு காலையில் தச்சர் ஒருவர் பழைய மோட்டார் ஒன்றை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். மரம் அறுக்கும் மிஷினில், மேலே நீண்ட இரும்புக் கையில் தொங்கி ஓடிய மோட்டார் அது. அதில் சாணைக்கல் மாட்டி உளி தீட்ட வேண்டும் என்றார்.

ஒல்லியான ஆள். காதில் பென்சில் சொருகியிருந்தார். நான் புது ஒயர் போட்டு பிளக் மாட்டியதும் அதை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். கண்டென்சர் மாற்றும்வரை விடவில்லை. டீ வந்தபோதும் விடவில்லை.

“இன்னா அண்ணாத்தே, பிளக்க எவனாச்சும் தூக்கிகினு பூடுவானா?” என்று சிரித்தேன்.

“அன்னிக்கு எவனாச்சும் தூக்கிகினு பூட்டிருந்தா நல்லா இருந்திருக்கும் நைனா.”

பிறகு அவரே சொன்னார். “என் தம்பி இதுல பிளேடு மாத்திகினு இருந்தான். சுச்சு ஆன்ல கீதுன்னு பாக்காம நான் பிளக்க சொருவிட்டேன். சோத்துக் கையில நாலு வெரலு பூடுச்சி. சாணைன்னா இடது கையால தீட்டிக்கறேன்றான். வேற மோட்டார் வாங்கித் தரேன்னேன். இதுவே போதும்னுட்டான்.”

வேலை முடிந்ததும் பிளக்கைச் சொருகச் சொன்னேன். சுவிட்ச் ஆஃபில் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தார். “நீ சொருவு” என்று என் கையில் கொடுத்துவிட்டு வாசலில் போய் நின்றார். மோட்டார் நன்றாக ஓடியது.

இரண்டு வருஷம் ஆகிறது. அவர்கள் பட்டறையில் தினமும் பிளக்கைச் சொருகுவது அண்ணனா, தம்பியா என்று இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.