எங்கள் ஊரில் முதல் குடம் பிடித்தவள்

பெரம்பலூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். இந்த ரெண்டாயிரத்து மூணாம் வருசக் கோடையில் இங்கே தெருக்குழாய் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் வரும். 'ஸ்ஸ்' என்று காற்று விட்டாலே போதும், பொம்பளைகள் பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். நான் ஓடுவதில்லை. எதிர்வீட்டு மருமகள் அன்றைக்குக் கேட்டாள், "என்ன ஆயா, பாத்துகிட்டே இருக்கீங்க? ஒங்க காலத்துல கொழாயே கெடையாதா?"

எனக்குச் சுருக்கென்று வந்தது. கொழாயே கிடையாதாமே! எங்கள் ஊருக்கு வந்த முதல் குழாயில் முதல் குடம் பிடித்தவளே நான்தான். அவளுக்கு வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். நீங்களும் மெதுவாகவே படிங்க.

அரியலூருக்குக் கிழக்கே, சுண்ணாம்புப் பாறை பூமியில் எங்கள் ஊர். எந்த இடத்தில் தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். நல்ல தண்ணீருக்கு ஊர் நடுவில் ஒரே ஒரு கிணறு. கோடையில் அதிலும் அடியில் வட்டமாக ஒரு பளபளப்புதான் தெரியும். அந்தக் கிணற்றடியில்தான் என் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் பேச்சு முறிந்தது. அம்மாவின் புதுக் கயிற்றைப் பெரியம்மா கேட்காமல் எடுத்து, வாளியோடு உள்ளே விட்டுவிட்டாள். பெரியம்மா என்றால் அப்பாவின் அண்ணன் பெண்சாதி. ரெண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஆனாலும் ஒரு வருசமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால், சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அம்மா கோழியைத் திட்டுவாள். அந்தப் பக்கம் நின்று பெரியம்மா ஆட்டைத் திட்டுவாள். கோழிக்கும் ஆட்டுக்கும் அத்தனை ஏச்சு எதற்கு என்று எனக்குப் பாவமாக இருக்கும். எனக்கு அப்போது எட்டு ஒன்பது வயசு.

அந்தச் சமயத்தில்தான் ஊருக்குக் குழாய் வரப்போகிறது என்றார்கள். ஏரி ஊறலில் தண்ணீர் உப்பில்லாமல் இருக்கும் என்று ஏரிக்கரையில் புதுக்கிணறு வெட்டினார்கள். அதற்கு ஒரு ஆயில் இன்ஜின். அங்கிருந்து மண்ணுக்குள்ளேயே குழாய் பதித்து, நல்லதண்ணிக் கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு செங்கல் தொட்டி கட்டினார்கள். ஒரு ஆள் மேல் இன்னொரு ஆள் நின்ற உயரம் இருக்கும். தொட்டிக்கு அடியில் மூன்று பித்தளைக் குழாய், மஞ்சளாக மின்னும். இன்ஜின் ஓட்டும் வேலை என் மாமாவுக்கு, அம்மாவின் தம்பிக்குக் கிடைத்தது. திறப்பு விழா நல்லபடியாக நடந்தால் வேலை நிலைக்கும் என்று ஆபீசர் சொல்லியிருந்தார். அந்த வேலையை நம்பித்தான் செந்துறையில் மாமாவுக்குப் பெண் கொடுக்கச் சம்மதித்திருந்தார்கள். பெண்ணின் அப்பா விழாவுக்கே வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். மாப்பிள்ளையின் உத்தியோகத்தைக் கண்ணால் பார்க்க வேண்டாமா!

விழாவுக்கு முதல் நாள் மத்தியானம், தெருப் பிள்ளைகள் எல்லோரையும் திடீரென்று தாத்தா வண்டியில் ஏற்றினார். கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்குப் போகிறோம், ராத்திரி அங்கேயே தங்கல் என்றார்கள். திருவிழாவும் இல்லை, சனிக்கிழமையும் இல்லை. எங்களுக்கு அதெல்லாம் தோன்றுமா? கட்டுச்சோறும் மாட்டுவண்டியும் கிடைத்தால் போதாதா? பாடிக்கொண்டே போனோம்.

எங்களை ஏன் அனுப்பினார்கள் என்பது நான் பெரிய மனுஷியான பிறகு பெரியம்மா சொல்லித்தான் தெரியும். அன்று காலையில் மாமா இன்ஜினை ஓட்டிப் பார்த்திருக்கிறார். இன்ஜின் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடி வால்வு உடைந்துபோயிருந்தது. வேறு வால்வு திருச்சியிலிருந்து வரவேண்டும். மறுநாளைக்குள் வராது. மாமா எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து பொம்பளை மாதிரி அழுதாராம்.

"எல்லாம் தயார்னு நேத்தே ஆபீசர்கிட்ட சொல்லிட்டேன்க்கா."

"ஏன்டா சொன்ன?"

"கேட்டாரு, சொல்லிட்டேன்."

அம்மா கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்தாளாம். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு வருசமாக மிதிக்காத பெரியம்மா வாசலை மிதித்தாள்.

"அக்கா, ஒங்கிட்டதான் வந்தேன்."

"ஏன், கோழி செத்துப்போச்சா?"

"தொட்டிய நாம ரொப்பணும். தெருவே கை குடுத்தாதான் ஆவும். நீ கூப்ட்டாதான் எல்லாரும் வருவாளுவ."

"ஒன் தம்பிக்கு உத்தியோகம், எங்க இடுப்புல கொடமா?"

"எந்தம்பிக்குன்னு நெனக்காத. நாளைக்குத் தண்ணி வரலைன்னா, இந்த ஊருக்குக் கொழாய் ஒரு கேடான்னு ஆபீசரு பூட்டிட்டுப் போயிடுவான். அப்பறம் நம்ம பேத்திவ வரைக்கும் கயிறுதான்."

பெரியம்மா உள்ளே போய், பெரிய பித்தளைத் தவலையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். "கயித்த நீயே புடி. நான் புடிச்சா கெணத்துல விட்டுருவேன்" என்றாளாம்.

அவ்வளவுதான். தெருப் பொம்பளைகள் அத்தனை பேரும் இறங்கிவிட்டார்கள். அம்மா கிணற்றை விட்டு நகராமல் இறைத்துக்கொண்டே இருந்தாள். குடம் கைமாறிக் கைமாறி ஏணிக்குப் போகும். ஏணி உச்சியில் பெரியம்மா உட்கார்ந்து வாங்கித் தொட்டியில் கவிழ்ப்பாள். ஆம்பளைகள் ஏணியைப் பிடித்துக்கொண்டு யோசனை சொன்னார்களாம். "யோசனையத் தொட்டியில ஊத்துனா ரொம்புமா?" என்று மேலேயிருந்து பெரியம்மா கேட்டதும் அவர்களும் குடம் எடுத்தார்கள். பொழுது இறங்கி விளக்கு வைக்கும் நேரத்தில் கிணறு வற்றி, வாளியில் சேறு வந்தது. தொட்டியில் அரைக்கு மேல் தண்ணீர் நின்றது. பிள்ளைகள் பார்த்தால் ஆபீசரிடமே உளறும் என்றுதான் எங்களைப் பெருமாளிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

மறுநாள் நாங்கள் வண்டியை விட்டு இறங்கும்போதே மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. ஆபீசர் ஜீப்பில் வந்தார். செந்துறைக்காரர் வெள்ளை வேட்டியில் முன்னால் நின்றார். மாமா இன்ஜின் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு, பம்பைச் சுற்றும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இன்ஜினை மட்டும் ஓட்டினார். டுகு டுகு என்று ஏரிக்கரையிலிருந்து சத்தம். புகை வட்டம் வட்டமாக மேலே போகிறது. ஆபீசர் தலையை ஆட்டிக்கொண்டே குழாயைத் திருகினார். தண்ணீர் கொட்டியது! கையில் ஏந்திக் குடித்துவிட்டு, "இளநீ மாதிரி இருக்கு" என்றார். கூட்டத்தில் யாரோ பலமாக இருமினார்கள்.

"யாராச்சும் ஒரு கொழந்த மொதக் கொடம் புடிக்கட்டும்" என்றார். பெரியம்மா என் முதுகில் கையை வைத்து முன்னே தள்ளினாள். என் சின்னக் குடத்தில் தண்ணீர் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எனக்குப் பின்னால் பொம்பளைகள் அடித்துப் பிடித்து வரிசை கட்டினார்கள். கிணற்றடியில் ஒரு ஈ காக்கை இல்லை. ஆபீசர் அதைக் கைகாட்டிச் சொன்னார்: "பாத்தீங்களா, ஒரே நாள்ல ஜனங்க கெணத்தையே மறந்துட்டாங்க."

செந்துறைக்காரர் மாமாவின் தோளில் கையைப் போட்டு, "மாப்ள, தேதி குறிச்சிடுவோம்" என்றார். நாலைந்து நாளில் வால்வு வந்து நிஜமாகவே தண்ணீர் ஏறியதும், தலை நரைக்கும்வரை மாமா அதே வேலையில் இருந்ததும் பிற்பாட்டுக் கதை. அந்தக் குழாயும் இஷ்டப்பட்ட நாளில்தான் வரும். ஒருத்தியும் கயிற்றை வீசி எறியவில்லை.

நான் முதல் குடத்தை இடுப்பில் வைத்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் வீட்டுக்கு நடந்தேன். ஊரே என்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது. உள்ளே போனால் அதிசயம்! பெரியம்மா எனக்கு முன்னாலேயே வந்து எங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறாள். அம்மாவின் ரெண்டு உள்ளங்கையும் தோல் உரிந்து ரத்தச் சிவப்பாக இருந்தன. பெரியம்மா அவற்றை மடியில் வைத்து விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறாள். நான் ஒரு டம்ளர் தண்ணீரை மொண்டு அம்மாவின் வாயில் வைத்தேன்.

"எப்படிம்மா இருக்கு? நம்ம கெணத்துத் தண்ணி மாதிரியா இருக்கு?"

அம்மா மெதுவாகக் குடித்து முடித்தாள். "சீ, அது எங்க, இது எங்க" என்றாள்.

"இனிமே நீ தண்ணி எறைக்கவே வேணாம்மா."

ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். அப்புறம் சிரித்தார்கள் பாருங்க, பெரியம்மா கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எண்ணெய்க் கிண்ணம் சரிந்ததைக்கூட யாரும் எடுக்கவில்லை. நான் தெருவுக்கு ஓடினேன். கண்ணில் பட்ட பிள்ளைகளுக்கெல்லாம் சொன்னேன்: குழாய்த் தண்ணீரை ஒரு வாய் குடித்ததுமே எங்கள் அம்மாவும் பெரியம்மாவும் சேர்ந்துவிட்டார்கள், அப்பேர்ப்பட்ட தண்ணீர், அதை முதலில் பிடித்தவள் நான்.