காசி சொன்ன சாட்சி

காசி வேலூர் ஜெயிலிலிருந்து விடுதலையாகி, ஆம்பூரில் எங்கள் தெருவிலேயே மறுபடியும் குடியிருக்கிறார். முன்பு தோல் கம்பெனியில் சீவுகிற கத்தி பிடித்தவர். இப்போது ஷூ கம்பெனியில் பிரஷால் பசை தடவுகிறார். சூப்பர்வைசர் கத்தி வேலைக்குக் கூப்பிட்டாலும், "வேணாம் சார், எனக்கு பிரஷ்ஷே போதும்" என்று சொல்லிவிடுவார்.

அவருக்கு ஒரே மகள், கிறிஸ்டினா. ஒன்பதாவது படிக்கிறாள். அப்பா துபாயில் இருக்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருந்தாள். அவர் வந்த பிறகும் அந்தப் பேச்சை மாற்றவில்லை. தெருமுனையில் அவரைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொள்வாள். வீட்டில் சோறு போடுவாள், ஆனால் அப்பா என்று கூப்பிடமாட்டாள். ஆண்டவரிடம் காசி கேட்பது அந்த ஒரு வார்த்தையைத்தான் என்று அவர் மனைவி மரியம்மாள் சொல்லுவாள்.

போன ஆகஸ்டில் அவள் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பையன்கள் இருவர் சண்டை போட்டு, ஒருவன் மற்றவனைத் தோளில் காம்பஸால் குத்திவிட்டான். புதிதாக வந்திருந்த தலைமையாசிரியர் புகழேந்தி எங்கள் பாஸ்டரிடம் யோசனை கேட்டார். பாஸ்டர் நேராகக் காசி வீட்டுக்கு வந்தார்.

"பசங்க முன்னாடி ஒரு சாட்சி சொல்லுங்க காசி."

கிறிஸ்டினா தட்டைக் கழுவப் போய்விட்டாள். "அவ பேரு வராம பாத்துக்கறேன்" என்று மரியம்மாளிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, காசி ஒத்துக்கொண்டார்.

சபையில் சாட்சி என்றால் ஆண்டவர் நமக்குச் செய்த நன்மையை எடுத்துச் சொல்வது. காசிக்குப் பழக்கமானது கோர்ட்டு சாட்சி. பள்ளி மேடை ஏறியதும் வலது கையைத் தூக்கினார்.

"நான் சொல்றதெல்லாம் உண்மை. பேரு காசி. தகப்பனார் பேரு தாவீது. வயசு நாப்பத்தி ரெண்டு. தொழில் பேஸ்டிங்."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஆதார் நம்பரு, அங்கிள்?" என்றான் பின்வரிசையில் ஒருவன்.

காசியும் சிரித்துவிட்டார். பிறகு சொன்னார்:

"டீ டைம்ல நடந்துச்சு. தோஸ்த்துதான். என் சொட்டைய கிண்டல் பண்ணான். ரெண்டு அறையோட போயிருக்கும். கத்திய மேசையில வெச்சிட்டு டீக்கு வந்திருக்கணும், வெக்கல. கையில இருந்துச்சு. அவன் செத்துட்டான்."

சிரிப்பு நின்றது.

"கோவம் வந்தா, கையில இருக்கறத மொதல்ல கீழ வெச்சிடுங்க."

"பேனாவையுமா?" என்றான் அதே பையன்.

"பேனாவையுந்தான்."

கிறிஸ்டினா அவர் மகள் என்று தலைமையாசிரியருக்குத் தெரியாது. "உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?" என்று கேட்டார்.

காசி பெண்கள் வரிசைப் பக்கம் திரும்பாமல் எதிர்ச்சுவரைப் பார்த்தார். "இல்ல சார்."

கிறிஸ்டினா எழுந்து நின்றாள்.

"சார், அது பொய் சாட்சி."

"இன்னாம்மா?" என்றார் தலைமையாசிரியர்.

"கைய தூக்கி சத்தியம் பண்ணிட்டு பொய் சொல்றாரு சார். நான் இருக்கேன்."

பக்கத்திலிருந்த தமிழினி அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். "உங்கப்பா துபாய்னு சொன்னியேடி?"

"வந்துட்டாரு" என்றாள் கிறிஸ்டினா.

மேடையில் காசி மறுபடியும் வலது கையைத் தூக்கினார். "ஒரு பொண்ணு சார். பேரு கிறிஸ்டினா."

தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. பின்வரிசையில் மறுபடியும் சிரிப்பு கிளம்பியது.

"அப்பா, கைய எறக்கு" என்றாள் அவள். "எல்லாரும் சிரிக்கறாங்க."