ஜெராக்ஸ் கடையின் பின்பக்க ஜன்னல்

கொச்சி மட்டாஞ்சேரியில் நான் நடத்தும் ஜெராக்ஸ் கடைக்கு இன்று மதியம் ஒரு காலேஜ் பொண்ணு வந்தாள்.

"சேச்சி, சுற்றுச்சூழல் புராஜெக்ட் ஒண்ணு வேணும். இயற்கையை ஏன் பாதுகாக்கணும்னு. நாளைக்குக் கொடுக்கணும்."

என் கம்ப்யூட்டரில் தயாராகவே இருக்கிறது. வருஷா வருஷம் பெயரை மட்டும் மாற்றி பிரிண்ட் எடுப்பேன்.

அட்டைப்படத்தில் ஒரு கால்வாய். தெளிந்த தண்ணி, ஒரு வள்ளம், கரையில் ரெண்டு கொக்கு. கடை ஆரம்பித்த புதிதில் நானே எடுத்த போட்டோ.

"இது எந்த ஊரு?" என்று கேட்டாள்.

பின்பக்க ஜன்னலைக் காட்டினேன். அதே கால்வாயின் நாற்றம் தாங்காமல் நான் சாத்தி வைத்து வருஷக்கணக்காகிறது.

"அப்போ புது போட்டோ எடுக்கறேன்" என்று கொக்கியை நெம்பித் திறந்தாள். மொபைலை நீட்டினாள். அரை நிமிஷத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு சாத்திவிட்டாள்.

"பழசே இருக்கட்டும் சேச்சி. இதை வச்சா மார்க் போயிடும்."

பழைய அட்டையோடவே ஸ்பைரல் போட்டுக் கொடுத்தேன்.

முதல் பக்கத்தில் 'நேரில் பார்த்து எழுதியது' என்று ஒரு வரி உண்டு. நான் அடித்ததுதான். இத்தனை வருஷத்தில் நேரில் பார்த்தவள் இவள் ஒருத்திதான்.

யாரிடமாவது இந்தக் கால்வாயின் புது போட்டோ இருந்தால் கமெண்டில் போடுங்க. கொக்கெல்லாம் வேண்டாம், தண்ணி தெரிந்தால் போதும்.