மருந்து போடாத நாலு கழனி

சுவேதா எம்.எஸ்சி. படிக்கிறாள் என்பது ஊருக்கே தெரியும். என்ன படிக்கிறாள் என்பதுதான் யாருக்கும் பிடிபடவில்லை. பெற்றவள் சகாயராணியைக் கேட்டால், "ஏரி, கழனி, பறவ இதையெல்லாம் காப்பாத்தற படிப்பு" என்று சொல்லி நிறுத்திக்கொள்வாள். அவள் அஞ்சாவதோடு நின்றவள். கணவர் போய் ஒன்பது வருடமாகிறது. நடவு, களை, அறுப்பு என்று கூலிக்குப் போய், முக்கால் காணி குத்தகைக்கும் எடுத்துப் பயிர் வைத்து, ஒரே பெண்ணைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுவந்து விட்டிருந்தாள்.

களை எடுக்கும் இடத்தில் வள்ளியம்மாள் வாயைக் கிண்டுவாள்.

"இன்னாடி சகாயம், உன் பொண்ணு காலங்காத்தால வரப்புல நின்னு குருவி எண்ணுதாமே?"

"ஆமாங்க்கா. அதான் அவளுக்குப் பரீட்ச மாதிரி."

"அட, இதுக்கா பஸ் ஏறி அம்மாந்தூரம் போவுது? எங்க மாமனார அனுப்பியிருந்தா இந்நேரம் பட்டமே வாங்கியிருப்பாரு. விடிஞ்சா கட்டில்ல குந்திக்கினு காக்காதான் எண்றாரு."

எல்லோரும் சிரித்தார்கள். சகாயராணியும் சேர்ந்து சிரித்தாள்.

பாகூர் ஏரிக்குக் கீழே எட்டுக் கழனிகளைச் சுவேதா தன் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். நாலில் குருணையாக வரும் பூச்சிமருந்தைப் போட்டு சம்பா விளைத்திருந்தார்கள். வாய்க்கால் ஓரத்து நாலில் மருந்து கிடையாது. அறுப்பு முடிந்த அந்த எட்டிலும் எத்தனை பறவை இரை தேடி இறங்குகிறது என்று செவ்வாயும் வெள்ளியும் விடிந்து இரண்டு மணி நேரம் எண்ணி எழுத வேண்டும். பங்குனி வரைக்கும் எண்ணி, கட்டுரையாக எழுதிக் கொடுத்தால்தான் பட்டம். அதுவரை ஹாஸ்டல் அறையைப் பூட்டிவிட்டு வீட்டிலேயே தங்கியிருந்தாள். மருந்து போடாத நாலில் ஒன்று சகாயராணியின் குத்தகைக் கழனி. மகள் கேட்டாள் என்பதற்காக அந்த சம்பா முழுக்க மருந்தைத் தொடவில்லை. பூச்சி விழுந்து விளைச்சல் குறைந்ததை மகளிடம் சொல்லவும் இல்லை.

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சுவேதா வாசலில் நின்று அவளுடைய கைடு அரங்கநாதன் சாரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"மருந்து போட்டதுல இருபது சார். போடாததுல பன்னண்டுதான்... ஆமா சார். நானும் ஜாஸ்தியா இருக்கும்னுதான் நெனச்சேன்... சரிங்க சார்."

போனை வைத்தவள் முகம் விழுந்து கிடந்தது. சாப்பாட்டையும் அளைந்துகொண்டே இருந்தாள். சகாயராணி பார்த்தாள். பள்ளிக்கூட நாளில் மார்க் குறைந்து வந்தால் இந்தப் பிள்ளை இப்படித்தான் உட்கார்ந்திருக்கும். பன்னிரண்டு என்பது குறைச்சல் மார்க். குருவி வராவிட்டால் படிப்பு நின்றுபோகும். அவளுக்கு விளங்கியது அவ்வளவுதான். மகளைக் கேட்டிருக்கலாம். கேட்டால் பிள்ளை மனசு இன்னும் நோகும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் விடியலில் கோழிக்கு வைத்திருந்த நொய்யரிசியை ஒரு டப்பாவில் அள்ளிக்கொண்டு வாய்க்கால் ஓரம் போனாள். தன் கழனிக்கு மட்டும் போட்டால் நியாயமில்லை என்று நாலு கழனிக்கும் தூவினாள். வில்லியனூர் மாதாவை வேண்டிக்கொண்டு ஒவ்வொரு பிடியாக, அறுத்துவிட்ட தாளுக்கு நடுவே இறைத்தாள். அன்றிலிருந்து ஒரு நாள் தவறவில்லை. மகள் எழுந்து வருவதற்குள் வீடு திரும்பி அடுப்பு மூட்டிவிடுவாள்.

மைனா வந்தது, காட்டுப்புறா வந்தது, நெல்லுக்குருவி கூட்டம் கூட்டமாக இறங்கியது. பன்னிரண்டு முப்பதாகி, எழுபதைத் தாண்டியது.

"அம்மா, சார் நம்பவே மாட்டேங்கறாரு. திருச்சில ஒரு மாநாடு இருக்காம், அங்க வந்து இதப் பத்திப் பேசுன்றாரு" என்று சுவேதா வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சகாயராணி மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை. எண்ணப் போன சுவேதா அரைமணி நேரத்தில் திரும்பி ஓடி வந்தாள். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வாய்க்கால் ஓரம் முழுக்கப் பறவைகள் செத்துக் கிடந்தன. சில இன்னும் இறக்கையை அடித்துக்கொண்டு மண்ணில் சுற்றின. அடுத்த கழனிக்காரர் இளங்கோவன் நவரை சாகுபடிக்கு நாற்றங்கால் விட்டிருந்தார். வரப்பில் நின்றுகொண்டிருந்தவர் மறைக்கவில்லை.

"ஆமாம்மா, நெல்லுல மருந்து கலந்து நான்தான் வச்சேன். ரெண்டு வாட்டி விதச்சேன், ரெண்டு வாட்டியும் தின்னுட்டு பூடுச்சுங்க. இருவது வருஷமா இங்க பயிர் வைக்கறேன், இம்மாங் கூட்டம் நான் பாத்ததில்ல. இந்த வருஷம் எங்கேர்ந்து வந்துச்சுன்னே தெரில."

சுவேதா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, இனம் இனமாக வரிசை வைத்து எண்ணினாள். அறுபத்து மூன்று. அதையும் நோட்டில் எழுதினாள். ஆறேழு பறவைகளை மட்டும் பையில் போட்டுக்கொண்டு, பல்கலைக்கழகம் இருக்கும் காளாப்பட்டுக்கு பஸ் ஏறினாள்.

சாயங்காலம் வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா, வயித்த அறுத்துப் பாத்தோம். மருந்து நெல்லு இருந்துச்சு, அது அவரு வச்சது. ஆனா எல்லாத்துலயும் நொய் இருக்கு. கழனில நொய் ஏது?"

சகாயராணி ஒளிக்கவில்லை. "நான்தாண்டி போட்டேன். உனக்கு நம்பர் கொறையுதுன்னு."

சுவேதா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். கத்துவாள் என்று பார்த்தால் கத்தவில்லை.

"எத்தினி வந்தாலும் சரிதாம்மா. ரெண்டு வந்தா ரெண்டுன்னு எழுதணும். பன்னண்டு வந்தா ஏன் பன்னண்டுன்னு யோசிக்கணும். அதாம்மா படிப்பே. கொறஞ்சா ஃபெயிலுன்னு யாரு சொன்னது உனக்கு?"

"தெரிலயேடி. நீ மூஞ்சத் தொங்கப் போட்டியே."

"நீ கூப்ட்டு வுட்டதாலதான் அதுங்க அங்க இருந்துச்சு."

"தெரியும். அவரு சொல்லும்போதே தெரிஞ்சிடுச்சு."

சகாயராணி மெதுவாகச் சொன்னாள்: "சார்கிட்ட சொல்லாதடி. நொய்ய நான் போட்டது யாருக்குத் தெரியும்? நான் வாயத் தொறக்க மாட்டேன், மாதா சத்தியமா."

சொல்லி முடிக்கும்போதே நாக்கு கசந்தது. பொய்க்கு மாதாவைச் சாட்சி வைக்கிற நாள் வரும் என்று அவள் நினைத்ததில்லை. சுவேதா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவள் தலை குனிந்தாள்.

திங்கட்கிழமை சுவேதா சாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அரங்கநாதன் சார் திட்டவில்லையாம். நொய் தூவிய நாலு கழனிக் கணக்கையும் அடித்துவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமில்லை, அடுத்த தையில் முதலிலிருந்து எண்ண வேண்டும், இந்த வருடம் பட்டம் இல்லை என்றாராம். உதவித்தொகை இரண்டு வருடத்துக்குத்தான், அது இந்த வருடத்தோடு முடிகிறது. ஹாஸ்டல் அறையையும் விட வேண்டும். சுவேதா அங்கே கிடந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வந்தாள். பத்து நாளில் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குச் சேர்ந்தாள்.

"ஒரு வருஷம்தாம்மா. அப்புறம் திரும்பப் போய் முடிச்சிடுவேன்" என்றாள். அதைச் சொன்னபோது அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

முதல் நாள் வேலைக்குக் கிளம்பும்போது வாசற்படியில் நின்று சொன்னாள்: "மிச்சம் இருக்கறதுங்க இன்னும் அங்கதான் வரும். பழகிடுச்சு. பக்கத்துக் கழனிக்காரரும் மருந்து வைக்கறத நிறுத்த மாட்டாரு. தெனமும் போய் வெரட்டும்மா. வராத வரைக்கும் வெரட்டு."

சகாயராணி போனாள். அவளைக் கண்டதும் பறவைகள் பறக்கவில்லை, அருகே வந்தன. ஒரு காட்டுப்புறா அவள் காலடியில் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. கொண்டுபோயிருந்த தட்டை எடுத்துக் கரண்டியால் அடித்தாள். அதுகள் எழும்பி, கொஞ்ச தூரம் போய் மறுபடி இறங்கின. மண்ணாங்கட்டியை எடுத்து வீசினாள். எந்தச் சாமியைக் கூப்பிடுவது என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டு வீசினாள். பதினேழு நாள் அப்படிப் போனாள்.

பதினெட்டாம் நாள் சுவேதா ஷிப்ட் முடிந்து வந்து பையை இறக்கினாள்.

"இன்னிக்கு?"

"வரல."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்லடி."

சுவேதா தலையாட்டினாள். பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்து, கழுவுவதற்குக் குழாயடிக்குப் போனாள்.